கண்ணில் படாத பறவையைக் கணக்கிடுவது எப்படி? இமயமலை ஃபெசன்ட் கணக்கெடுப்பு: ஒரு விளக்கம்

மேற்கு இமயமலைக் காடுகளில் வாழும் அரிய பறவையினங்களின் எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா என்பதை அறிய, ஆய்வாளர்களும் வனத்துறைப் பணியாளர்களும் பெரும்பாலும் தங்கள் செவிகளையே நம்பியுள்ளனர். வசந்த காலத்தின் விடியற்பொழுதில், மலைச்சரிவுகளில் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களில் அமர்ந்து, ஆண் பறவைகள் எழுப்பும் குரல்களைக் குறித்துக்கொள்ளும் இம்முறை 'அழைப்பொலிக் கணக்கெடுப்பு' எனப்படுகிறது.

ஓர் இனத்தின் பாதுகாப்பு நிலை, ஒரு காட்டுப் பகுதிக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகள், அக்காட்டை நம்பி வாழும் கிராம மக்களின் வாழ்வாதாரம் ஆகிய அனைத்தும் இவ்வாறு பெறப்படும் எண்களோடு தொடர்புடையவை. அந்த எண்கள் எவ்வாறு உருவாகின்றன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எந்தப் பறவைகள்?

மயில், காட்டுக்கோழி, கௌதாரி, காடை ஆகியவை அடங்கிய 'ஃபாசியானிடே' குடும்பத்தைச் சேர்ந்தவை ஃபெசன்ட் பறவைகள். இமாச்சலப் பிரதேசத்தின் மலைக் காடுகளில் மேற்கு டிராகோபன், சீர் ஃபெசன்ட், கோக்லாஸ், இமாலய மோனல், காலிஜ் என ஐந்து வகை ஃபெசன்ட்கள் காணப்படுகின்றன.

இவற்றுள் அதிகக் கவனம் பெறுவது மேற்கு டிராகோபன். உள்ளூர் மக்கள் இதனை 'ஜுஜுரானா', அதாவது பறவைகளின் அரசன் என்று அழைக்கின்றனர். 2007-ஆம் ஆண்டு முதல் இது இமாச்சலப் பிரதேசத்தின் மாநிலப் பறவையாக உள்ளது. வட பாகிஸ்தானில் தொடங்கி, காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம் வழியாக உத்தராகண்டின் மேற்குப் பகுதி வரை மட்டுமே இது வாழ்கிறது. உலகில் எஞ்சியிருப்பவை சில ஆயிரங்களே எனக் கருதப்படுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் மேற்கு டிராகோபனும் சீர் ஃபெசன்டும் 'அழிவாய்ப்பு இனம்' என்ற பிரிவில் வைக்கப்பட்டுள்ளன.

குலு மாவட்டத்தில் உள்ள கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா டிராகோபனின் முக்கியப் புகலிடங்களுள் ஒன்று. சுமார் 754 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்கா, 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நேரில் பார்த்து எண்ண முடியாதா?

புலிகளின் எண்ணிக்கையை மதிப்பிடுவதற்குத் தானியங்கிக் கேமராக்கள் பெரிதும் உதவுகின்றன. ஒவ்வொரு புலியின் உடற்கோடுகளும் தனித்தன்மை கொண்டவை என்பதால், இரு படங்களில் இருப்பது ஒரே புலியா, வேறு புலியா என்று உறுதிப்படுத்த முடியும். ஃபெசன்ட் பறவைகளிடம் அத்தகைய தனி அடையாளம் இல்லை. ஒரே ஆண் டிராகோபன் பத்து முறை கேமரா முன் வந்தாலும், அவை பத்துப் பறவைகளா, ஒரே பறவையா என்று படத்தை மட்டும் வைத்துக் கூற இயலாது.

வாழிடமும் மற்றொரு தடையாகும். டிராகோபன் கோடைக் காலத்தில் ஏறத்தாழ 2,400 முதல் 3,600 மீட்டர் உயரத்தில், குறுமூங்கில் புதர்கள் அடர்ந்த செங்குத்தான காடுகளில் வாழ்கிறது. மனித நடமாட்டத்தை உணர்ந்த உடனே புதருக்குள் மறைந்துவிடும் இயல்புடையது. நாள் முழுவதும் நடந்தும் ஒரு பறவையைக்கூடக் காணாமல் திரும்புவது கணக்கெடுப்பாளர்களுக்கு வழக்கமான அனுபவமே.

ஆனால் இனப்பெருக்கக் காலத்தில் இப்பறவை தன் இருப்பைத் தானே வெளிப்படுத்துகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில், பொழுது புலரும் வேளையில் ஆண் டிராகோபன் ஆட்டுக்குட்டியின் கதறலை ஒத்த நீண்ட குரலை எழுப்புகிறது. கோக்லாஸ் பறவை தன் பெயருக்கே காரணமான குரலைச் சூரிய உதயத்திற்கு முன்பே எழுப்பத் தொடங்கிவிடும். சீர் ஃபெசன்ட் விடியலிலும் அந்தியிலும் இணையாகவும் சிறு கூட்டமாகவும் ஒலி எழுப்பும். இந்த இயல்பே அழைப்பொலிக் கணக்கெடுப்பின் அடிப்படை.

அழைப்பொலிக் கணக்கெடுப்பு நடைபெறும் விதம்

இந்திய இமயமலையில் இம்முறையை வகுத்தளித்தவர்களுள் பறவையியலாளர் டோனி காஸ்டன் முக்கியமானவர். அவரும் உடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 1979-80-ஆம் ஆண்டுகளில் இமாச்சலப் பிரதேசக் காடுகளில் மேற்கொண்ட ஆய்வுகள், பின்னர் நடந்த கணக்கெடுப்புகளுக்கு ஒப்பீட்டுத் தளமாக அமைந்தன.

முதலில், வரைபடத்தின் உதவியுடன் கேட்புநிலையங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. சுற்றிலும் ஒலி தடையின்றி வந்துசேரும் மலைமுகடுகளும் சரிவின் புடைப்புகளும் இதற்கு ஏற்றவை. ஒரே பறவையின் குரல் இரு நிலையங்களில் தனித்தனிப் பறவைகளாகப் பதிவாவதைத் தவிர்க்க, நிலையங்களுக்கிடையே போதிய இடைவெளி விடப்படுகிறது.

கணக்கெடுப்பு நாளில், இருள் விலகுவதற்கு முன்பே ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவரோ இருவரோ அமர்ந்துவிட வேண்டும். பறவை குரல் கொடுத்தவுடன் நான்கு விவரங்கள் குறிக்கப்படுகின்றன: எந்த இனம், எத்தனை மணிக்கு, திசைகாட்டியின்படி எந்தத் திசையிலிருந்து, ஏறத்தாழ எவ்வளவு தொலைவிலிருந்து. காற்று, மழை, மேகமூட்டம் ஆகியவையும் பதிவு செய்யப்படுகின்றன. குரல் ஒலிக்கும் நேரம் குறுகியது. சூரியன் மேலெழுந்ததும் பெரும்பாலான பறவைகள் அடங்கிவிடும்.

பின்னர் அனைத்து நிலையங்களின் படிவங்களும் ஒன்றாக வைத்து ஒப்பிடப்படுகின்றன. ஒரே நேரத்தில் இரு நிலையங்களில் பதிவான குரலின் திசைக்கோடுகள் வரைபடத்தில் ஓரிடத்தில் சந்தித்தால், அது ஒரே பறவை என்று கொள்ளப்படுகிறது. இவ்வாறு இரட்டைப் பதிவுகள் நீக்கப்பட்ட பின் எஞ்சுவதே, அன்று காலை குரல் கொடுத்த ஆண் பறவைகளின் எண்ணிக்கை. ஒரே நாளின் பதிவு போதாது என்பதால், அடுத்தடுத்த சில நாள்களுக்கு இதே பணி திரும்பச் செய்யப்படுகிறது.

குரலிலிருந்து எண்ணுக்கு

'நான்கு பறவைகள் கேட்டன' என்ற பதிவு, 'ஒரு சதுர கிலோமீட்டரில் இத்தனை பறவைகள்' என்ற மதிப்பீடாக மாற வேண்டுமானால், எவ்வளவு பரப்பிலிருந்து அக்குரல்கள் வந்தன என்பது தெரிய வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒரு நிலையத்தில் நான்கு ஆண் பறவைகளின் குரல் கேட்டதாகக் கொள்வோம். 300 மீட்டர் தொலைவு வரையிலான குரல்கள் காதில் விழும் என்று கருதினால், அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 0.28 சதுர கிலோமீட்டர். எனவே ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14 ஆண் பறவைகள் என்ற மதிப்பீடு கிடைக்கும். கேட்கும் தொலைவு 250 மீட்டர் மட்டுமே என்று கொண்டால், அதே நான்கு பறவைகள் சதுர கிலோமீட்டருக்கு 20 ஆக உயரும். 400 மீட்டர் என்று கொண்டால் 8 ஆகக் குறையும்.

காட்டில் எதுவும் மாறவில்லை. கணக்கிடுபவரின் அனுமானம் மட்டுமே மாறியது. மலைப்பகுதியில் ஒலி சீராகப் பரவுவதில்லை. ஒரு முகட்டின் மறுபுறத்தில் 150 மீட்டர் தொலைவில் உள்ள பறவையின் குரல் கேட்காமல் போகலாம். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில், அதைவிடப் பலமடங்கு தொலைவில் உள்ள பறவையின் குரல் தெளிவாகக் கேட்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகி ஓடைகள் பெருக்கெடுப்பதால், பறவைகள் அதிகம் குரல் கொடுக்கும் பருவத்திலேயே நீரின் இரைச்சலும் அதிகமாக இருக்கும்.

மேலும், இக்கணக்கெடுப்பில் பதிவாவது குரல் கொடுக்கும் ஆண் பறவைகள் மட்டுமே. பெண் பறவைகள் இதில் இடம்பெறுவதில்லை. எல்லா ஆண் பறவைகளும் எல்லா நாள்களிலும் குரல் கொடுப்பதும் இல்லை. ஆண்களுக்குச் சமமாகப் பெண்கள் இருக்கும் என்று கருதி எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது எளிது. ஆனால் அதுவும் ஓர் அனுமானமே.

ஒப்பீட்டில் உள்ள பயன்

இத்தனை குறைபாடுகள் இருந்தும் இம்முறை கைவிடப்படாததற்குக் காரணம் உண்டு. மொத்தம் எத்தனை பறவைகள் என்ற கேள்விக்கு அழைப்பொலிக் கணக்கெடுப்பு துல்லியமான விடை தருவதில்லை. ஆனால் முன்பு இருந்ததைவிடக் கூடியுள்ளதா, குறைந்துள்ளதா என்ற கேள்விக்கு அது பயனுள்ள விடையைத் தர முடியும். அதே நிலையங்கள், அதே பருவம், அதே நேரம், அதே பதிவுமுறை ஆகியவை ஆண்டுதோறும் மாறாமல் பின்பற்றப்பட்டால், கேட்கும் தொலைவு குறித்த பிழை எல்லா ஆண்டுகளுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆகவே ஆண்டுகளுக்கு இடையிலான வேறுபாட்டுக்குப் பொருள் உண்டு.

இந்த நிபந்தனை மீறப்படும்போது ஒப்பீடு பொருளிழக்கிறது. ஓர் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் கணக்கெடுப்பு நடத்திவிட்டு, மறு ஆண்டு அதனை மே தொடக்கத்தில் நடத்தினால், எண்ணிக்கை உயர்ந்ததாகத் தோன்றக்கூடும். பறவைகள் பெருகியதால் அது நேர்ந்ததா, குரல் கொடுக்கும் பருவத்தின் உச்சத்தில் கணக்கெடுத்ததால் நேர்ந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. பயிற்சி பெற்ற பணியாளருக்குப் பதிலாகப் புதியவர் ஒருவர் அமர்ந்தாலும், முந்தைய ஆண்டைவிட அதிக மழை பெய்தாலும் இதே குழப்பம் நேரலாம்.

பிற முறைகள்

எல்லா ஃபெசன்ட்களுக்கும் அழைப்பொலிக் கணக்கெடுப்பு பொருந்தாது. மோனல் பறவை காட்டின் மேல் எல்லையிலும் புல்வெளிகளிலும் வெளிப்படையாக மேய்வதால், நடந்து சென்று கண்ணால் எண்ணுவதே அதற்கு ஏற்றது. காலிஜ் பறவைக்கும் இம்முறையே பெரும்பாலும் கையாளப்படுகிறது.

பாதைவழிக் கணக்கெடுப்பின் எளிய வடிவத்தில், ஒரு கிலோமீட்டருக்கோ ஒரு மணி நேரத்துக்கோ எத்தனை பறவைகள் தென்பட்டன என்பது கணக்கிடப்படுகிறது. இதைவிட மேம்பட்டது 'தொலைவு மாதிரியெடுப்பு' முறை. பறவை தென்பட்ட இடம் நடைபாதையிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது இதில் அளக்கப்படுகிறது. பாதைக்கு அருகில் உள்ள பறவைகள் ஏறத்தாழ அனைத்தும் கண்ணில் படும். தொலைவு கூடக்கூடத் தவறவிடப்படுபவை அதிகரிக்கும். அந்தச் சரிவின் அளவைக் கொண்டு, காணத் தவறியவை எத்தனை என்பது புள்ளியியல் வாயிலாக மதிப்பிடப்படுகிறது.

இம்முறைக்குப் பொதுவாகக் குறைந்தது 60 பதிவுகளாவது தேவை என்று வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். டிராகோபன் போன்ற அரிய பறவைக்கு ஒரு பருவத்தில் அத்தனை காட்சிகள் கிடைப்பது கடினம். தவிர, மலையில் நடைபாதைகள் மனிதர்களும் கால்நடைகளும் எளிதாகச் செல்லும் வழியிலேயே அமைந்துள்ளன. பறவைகள் விரும்பும் அடர்ந்த சரிவுகளை அவை பெரும்பாலும் தவிர்த்தே செல்கின்றன.

மூன்றாவது வகை, 'இருப்பிட மதிப்பீடு'. இதில் பறவைகளின் எண்ணிக்கை கேட்கப்படுவதில்லை. ஓரிடத்தில் அந்த இனம் உள்ளதா, இல்லையா என்பது மட்டுமே பதிவு செய்யப்படுகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் பலமுறை செல்வதே இதன் சிறப்பு. பறவை இருக்கும் இடத்தில் ஒருமுறை சென்றால் அதனைக் கண்டறியும் வாய்ப்பு 40 சதவீதம் என்று கொள்வோம். மூன்று முறை சென்றும் கண்டறியாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 22 சதவீதமாகக் குறையும். 50 இடங்களில் 20 இடங்களில் மட்டுமே பறவை பதிவாகியிருந்தால், நேரடிக் கணக்கின்படி 40 சதவீத இடங்களில் அது வாழ்கிறது. தவறவிடப்பட்ட வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், அது சுமார் 51 சதவீதமாக உயரும். தானியங்கிக் கேமராக்கள் இத்தகைய மதிப்பீட்டுக்குப் பெரிதும் பயன்படுகின்றன.

அண்மைக் காலமாக, தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளும் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. மரத்தில் கட்டப்படும் இக்கருவிகள், மனிதர் சென்றடைய இயலாத இடங்களிலும் வாரக்கணக்கில் ஒலியைப் பதிவு செய்யும். பதிவான ஒலியிலிருந்து குறிப்பிட்ட இனத்தின் குரலைக் கணினி நிரல்கள் பிரித்தெடுக்கின்றன. ஐயம் ஏற்பட்டால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அப்பதிவை மீண்டும் கேட்டுச் சரிபார்க்க முடியும் என்பது இதன் முக்கிய நன்மை. எனினும், ஒரே கருவியில் பதிவான இரு குரல்கள் ஒரே பறவையுடையவையா என்ற பழைய கேள்வி இங்கும் தொடர்கிறது.

பிற நாடுகளின் அனுபவம்

ஃபெசன்ட்களின் நெருங்கிய உறவினங்களான கிரவுஸ் பறவைகளை எண்ணுவதில் வட ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் நீண்ட அனுபவம் பெற்றவை. பின்லாந்தில் 1980-களின் இறுதியிலிருந்து 'வனவிலங்கு முக்கோணம்' என்ற முறை நடைமுறையில் உள்ளது. பக்கத்துக்கு 4 கிலோமீட்டர் வீதம் மொத்தம் 12 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான முக்கோணப் பாதையில், மூவர் வரிசையாக நடந்து பறவைகளை எண்ணுகின்றனர். இப்பணியில் ஈடுபடுபவர்களுள் பெரும்பாலோர் தன்னார்வ வேட்டைக்காரர்கள். அந்த ஆண்டு எவ்வளவு வேட்டைக்கு அனுமதி அளிக்கலாம் என்ற முடிவு, இக்கணக்கெடுப்பைச் சார்ந்தே எடுக்கப்படுகிறது.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், சேஜ் கிரவுஸ் இனத்தின் ஆண் பறவைகள் வசந்த காலத்தில் ஆண்டுதோறும் ஒரே திறந்தவெளியில் கூடி நடனமாடும். அந்த இடங்களுக்கு விடியற்காலையில் சென்று எண்ணுவது அங்கு நடைமுறை. டிராகோபன் அவ்வாறு ஓரிடத்தில் கூடுவதில்லை என்பதால், அம்முறையை அப்படியே இமயமலைக்குக் கொண்டுவர இயலாது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே முறையில், இடைவிடாமல் பல ஆண்டுகள் எண்ண வேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

எண்ணிக்கையால் யாருக்கு என்ன பாதிப்பு?

ஐயுசிஎன் விதிகளின் ஓர் அளவுகோலின்படி, இனப்பெருக்க வயதுடைய உயிரிகள் 10,000-க்கும் குறைவாக இருந்து, அவை தொடர்ந்து குறைந்துவருவது உள்ளிட்ட நிபந்தனைகளும் பொருந்தினால், அந்த இனம் 'அழிவாய்ப்பு' பிரிவில் சேரும். 2,500-க்கும் குறைவாக இருந்தால், அதைவிடக் கடுமையான 'அருகிய இனம்' என்ற பிரிவுக்கு அது மாற்றப்படலாம். கேட்கும் தொலைவு குறித்த அனுமானமே மதிப்பீட்டை இரண்டு மடங்குக்கும் மேல் மாற்றக்கூடும் என்ற நிலையில், இந்த எல்லைக்கோடுகள் எவ்வளவு நுட்பமானவை என்பது புரியும்.

உள்ளூர் மக்களுக்கு இக்கேள்வி மேலும் நெருக்கமானது. கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா 1999-ஆம் ஆண்டு இறுதி அறிவிக்கை பெற்றபோது, அப்பகுதியில் ஆடு மேய்த்தல், மூலிகை சேகரித்தல் உள்ளிட்ட பாரம்பரிய உரிமைகள் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டன. இந்தியில் 'குச்சி' எனப்படும் விலையுயர்ந்த காட்டுக் காளானைத் தேடி மக்கள் இப்பகுதிக் காடுகளுக்குள் செல்வது வசந்த காலத்தில். டிராகோபன் குரல் கொடுத்து, இணைசேர்ந்து, முட்டையிடுவதும் அதே காலத்தில்தான். மனித நடமாட்டம் பறவைகளின் இனப்பெருக்கத்தைப் பாதிக்கிறது என்பதே கட்டுப்பாட்டுக்குக் கூறப்படும் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

அக்கட்டுப்பாடு பலன் அளித்ததா என்பதை அறிய, கட்டுப்பாடு உள்ள பகுதியிலும் இல்லாத பகுதியிலும் ஒரே முறையில் நீண்டகாலம் எடுக்கப்பட்ட கணக்குகள் தேவை. அவை இல்லாவிட்டால், பறவைகள் பெருகியதாக ஒரு தரப்பும், மக்களின் இழப்பால் பயனில்லை என்று மறுதரப்பும் சான்றின்றி வாதிடும் நிலையே தொடரும்.

எல்லா இனங்களுக்கும் ஒரே தீர்வு பொருந்தாது என்பதையும் கணக்கெடுப்புகளே உணர்த்துகின்றன. அடர்ந்த காட்டை நாடும் டிராகோபனுக்கு மனித நடமாட்டம் குறைவது நன்மை தரலாம். ஆனால் சீர் ஃபெசன்ட், புல் அறுக்கப்படுவதும் அவ்வப்போது தீயிடப்படுவதுமான திறந்த புற்சரிவுகளில் வாழ்கிறது. மனிதப் பயன்பாடு முற்றிலும் நின்று அச்சரிவுகள் காடாக மாறினால், அதன் வாழிடமே சுருங்கிவிடும்.

சிம்லா மாவட்டம் சராஹனில் டிராகோபன் பறவைகள் காப்பிடத்தில் வளர்க்கப்பட்டு இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன. அவ்வாறு வளர்ந்த பறவைகளை எந்தக் காட்டில் விடுவிப்பது, விடுவித்த பின் அவை நிலைத்தனவா என்பதைத் தீர்மானிக்கவும், விடுவிப்பதற்கு முன்பே எடுக்கப்பட்ட அடிப்படைக் கணக்கு அவசியமாகிறது.

ஒரு செய்தியைப் படிக்கும்போது

அரிய பறவையின் எண்ணிக்கை உயர்ந்தது அல்லது சரிந்தது என்ற செய்தி வெளியாகும்போது, சில விவரங்களைக் கவனித்தால் அதன் உறுதிப்பாட்டை மதிப்பிடலாம். ஒப்பிடப்படும் இரு ஆண்டுகளிலும் கணக்கெடுப்பு ஒரே இடங்களில் ஒரே மாதத்தில் நடந்ததா? எண்ணப்பட்டவை ஆண் பறவைகள் மட்டுமா, மொத்தப் பறவைகளா? எத்தனை நிலையங்களில், எத்தனை நாள்கள் பதிவு செய்யப்பட்டது? ஒற்றை எண் மட்டும் தரப்பட்டுள்ளதா, குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்பீடுகளும் தரப்பட்டுள்ளனவா?

இவ்விவரங்களுடன் வெளியிடப்படும் எண்ணை, அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் தங்கள் பதிவுகளுடன் ஒப்பிட்டுப் பயன்படுத்த முடியும். 1979-80-ஆம் ஆண்டுகளின் பதிவுகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுவதற்கு, அவை எங்கே, எவ்வாறு எடுக்கப்பட்டன என்பது எழுதி வைக்கப்பட்டிருப்பதே காரணம்.